செரியாமையும் குடலின் காவலும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரம் முடியும் தறுவாயில் இருக்கிறது வேங்கிக்கால். ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர். 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் எழுந்தது. அதன்பின் வீடுகளும் உணவகங்களும் மருந்துக்கடைகளும் சாலையோரத்தை நிறைத்தன. தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் மருந்துக்கடைப் பலகைக்கு முன் நின்று மக்கள் சொல்லும் குறைகள் ஒரே வகையின. "ரெண்டு இட்லிக்கே வயிறு முட்டிக்குது." "நெஞ்சுக்குழி எரியுது." "எல்லாம் கேஸ் ட்ரபிள்தாங்க." கடைக்காரர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒரு பட்டையை எடுத்து நீட்டுவார். சிலருக்கு அது கேட்கும், பலருக்குக் கேட்காது.

கேளாதவர்களுள் வசதி உள்ளவர்கள் இதே சாலையில் வேலூருக்கு வண்டி ஏறுகிறார்கள். அங்கே வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி உணவுக்குழல், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றையும் பார்க்கிறார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, அடைப்பு இல்லை. அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதப்படுகிறது. செரியாமையோடு உள்நோக்கி ஆய்வுக்கு வருவோருள் பெரும்பாலோர் நிலை இதுதான். நோயர் குழம்புகிறார். உறவினர் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். மருத்துவ உலகும் நெடுங்காலம் ஏறத்தாழ அதையே சற்று நாகரிகமான சொற்களில் சொல்லிவந்தது.

இவ்வகை நோய்க்குச் செயல்வழிச் செரியாமை என்று பெயர். உறுப்பில் கேடு தென்படாமல் அதன் செயலில் மட்டும் குறை இருப்பதாகக் கொண்டு இட்ட பெயர் அது. செரிமான வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான உரோம் நான்காம் வரையறை இதனை இரண்டாகப் பிரிக்கிறது. உண்டபின் வயிறு கனத்தலும் சிறிது உண்டதுமே நிறைந்துவிடுதலும் ஒரு வகை. மேல்வயிற்றில் வலியும் எரிச்சலும் மற்றொரு வகை. இருவகையும் ஒருவரிடமே அமைவதும் உண்டு. முப்பத்து மூன்று நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட பெரும் ஆய்வொன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரை இந்நோய் பற்றியிருப்பதாகக் கணக்கிட்டது. சித்த மருத்துவ நூல்கள் இக்குறிகளுள் பலவற்றைக் குன்மம் என்ற தலைப்பின்கீழ்த் தொகுத்து, அதை எட்டு வகையாக்கி வைத்திருக்கின்றன. உரோம் வல்லுநர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்காக அவர்களை எளிதில் பாராட்டிவிட வேண்டாம். குறிகளை வகைப்படுத்துவது வேறு, நோயின் வேரைக் காண்பது வேறு.

வேரைத் தேடியவர்கள் முதலில் கண்டது அமிலம். இரைப்பை நீரில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் பிரௌட் இலண்டனில் 1823இல் அறிவித்தார். அன்று தொடங்கிச் செரியாமை என்றாலே அமிலத்தின் குற்றம் என்ற எண்ணம் வேரூன்றியது. 1970களில் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கிய சிமெட்டிடின், பின்னர் வந்த ஒமெப்ரசோல் ஆகியவை வயிற்றுப்புண் மருத்துவத்தையே புரட்டிப்போட்டன. பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். வெற்றி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் புண் இல்லாத செரியாமைக்கும் அதே மாத்திரையைக் கொடுத்தபோது, ஒன்றும் இல்லாத போலி மாத்திரையைவிட அது கொஞ்சமே மிகுதியாகப் பயன் தந்தது. அமிலமே முழுமுதல் ஏதுவாயின் அதை அடக்கியதும் நோய் அகன்றிருக்க வேண்டும். அகலவில்லை.

அமிலமே இல்லாதவருக்கும் செரியாமை வரும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்னெதிர்ப்பு இரைப்பையழற்சி என்றொரு நோய் உண்டு. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு, அமிலம் சுரக்கும் இரைப்பை அணுக்களையே பகையாகக் கருதி மெல்ல மெல்ல அழித்துவிடும். அமிலம் வற்றும், உயிர்ச்சத்து பி-12ஐ உடலேற்கத் துணைநிற்கும் புரதமும் வற்றும், குருதிச்சோகை தொடரும். இத்தகையோர் பலருக்கு முதலில் தோன்றும் குறை உண்டபின் வரும் மந்தமே. அவர்கள் கையிலும் அமிலம் குறைக்கும் மாத்திரைப் பட்டை இருப்பது மருத்துவத்தின் முரண்களுள் ஒன்று.

ஆகவே இரைப்பையை விட்டுச் சற்றுக் கீழே இறங்குவோம்.

இரைப்பை முடியும் இடத்திலிருந்து பன்னிரு விரற்கடை அளவுக்கு வளைந்து செல்வது முன்சிறுகுடல். அமிலத்தில் ஊறிய கூழ் இங்கே வந்து விழுகிறது; பித்தநீரும் கணையநீரும் இங்கேதான் கலக்கின்றன. வந்த கூழில் கொழுப்பு எவ்வளவு, அமிலம் எவ்வளவு, மாப்பொருள் எவ்வளவு என்று அளந்து, 'போதும், நிறுத்து' என்று இரைப்பைக்கு ஆணை அனுப்புவதும் இப்பகுதியே. 1928இல் அறியப்பட்ட கோலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் கொழுப்பைக் கண்டதும் இதன் சுவரிலிருந்து சுரந்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில் இரைப்பைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு முன்சிறுகுடலுக்கும் உண்டு. இதை மறந்ததால்தான், நோயர் கை வைத்துக் காட்டிய இடத்திலேயே மருத்துவம் பல்லாண்டு தேடிக்கொண்டிருந்தது.

இக்குடலின் உட்சுவர் ஒரே ஓர் அணுவரிசையால் ஆனது. அவ்வரிசை மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாகிறது. அதற்கு அப்பால் உடலின் உள்வெளி தொடங்கிவிடுகிறது. இவ்வளவு மெல்லிய வேலியின் மறுபுறத்தில், நோயெதிர்ப்பு அணுக்கள் உடலில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் குவிந்திருக்கின்றன. சிறுகுடலில் நிணநீரணுக்கள் திட்டுத்திட்டாய்த் திரண்டிருப்பதை 1677இலேயே சுவிட்சர்லாந்தின் யோகான் கொன்ராடு பேயர் விளக்கினார். அத்திட்டுகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. தசையும் தோலும் காண்பதைவிடப் பன்மடங்கு அயற்பொருளை நாள்தோறும் குடல் காண்கிறது. நெல்லும் பருப்பும் முட்டையும் பாலும் உடலுக்கு அயலான புரதங்களே. ஒவ்வொன்றையும் எதிர்த்தால் உண்ணவே முடியாது. எதையும் எதிர்க்காவிட்டால் முதல் வயிற்றுப்போக்கிலேயே உயிர் போகும். உணவைப் பொறுப்பதும் பகையை எதிர்ப்பதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடைபெற வேண்டும். நோயெதிர்ப்பு அமைப்பின் மிகக் கடினமான பணி எது என்று கேட்டால், கொடுநோயை வெல்வதைச் சொல்ல மாட்டேன். மதிய உணவை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதைத்தான் சொல்வேன்.

இப்பொறுமை குலைவதன் தடயம் முதலில் சுவீடனில் தென்பட்டது. வடசுவீடனின் காலிக்ஸ், ஹாபரண்டா என்னும் இரு சிறு நகரங்களில் பொதுமக்களையே அழைத்து, நோயர் நலமுடையோர் என்ற வேறுபாடின்றி ஆயிரம் பேர் அளவில் உள்நோக்கி ஆய்வு செய்திருந்தார்கள். மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் பார்த்து எழுதும் வழக்கமான ஆய்வுகளைவிட இது எவ்வளவோ மேலானது. ஏனெனில் நலமுள்ளவரின் குடல் எப்படி இருக்கும் என்பதே பல ஆய்வாளர்களுக்குத் தெரிவதில்லை. அங்கே சேமித்த திசுக்களிலிருந்து செரியாமை உடைய 51 பேரையும் குறையற்ற 48 பேரையும் எடுத்து, நிக்கோலஸ் டாலியும் மார்ஜரி வாக்கரும் அவர்தம் குழுவினரும் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 2007இல் வெளியான முடிவு எளியது. இரைப்பையில் வேறுபாடு இல்லை. முன்சிறுகுடலில் மட்டும், செரியாமை உடையோரிடம் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன.

பவுல் எர்லிக் 1879இல் கண்டறிந்த அணு இது. இயோசின் சாயமிட்டால் செம்மஞ்சள் மணிகளாய் ஒளிரும். குருதிச் சோதனைத் தாளில் இதன் எண்ணிக்கை கூடியிருந்தால் நம் ஊர் மருத்துவர்கள் ஒவ்வாமையா, குடற்புழுவா என்று கேட்பார்கள். இவ்வணுவின் மணிகளில் புழுவின் தோலையே அரிக்கவல்ல புரதங்கள் அடங்கியுள்ளன. புழு இல்லாத இடத்தில் அவை சிந்தினால் அருகிலிருக்கும் நரம்பும் தசையும்தான் அவற்றுக்கு இரை. உள்நோக்கியின் கண்ணுக்கு இவை எதுவும் தெரியாது. சுவர் இளஞ்சிவப்பாய், வழவழப்பாய், அழகாகவே இருக்கும். 'இயல்பு' என்று எழுதிய மருத்துவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த தொலைவில் அது இயல்புதான்.

பின்வந்த ஆண்டுகளில் மேலும் சில செய்திகள் சேர்ந்தன. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகக் குழு 2014இல், செரியாமை உடையோரின் முன்சிறுகுடற் சுவரில் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்து கசிவு மிகுந்திருப்பதையும், அக்கசிவோடு மாஸ்ட் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களும் இயோசினோபில்களும் கூடியிருப்பதையும் காட்டியது. சுவரின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகள் இயல்பாக மறுமொழி தராமையும் அடுத்த ஆண்டு வெளிவந்தது. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவில் ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்கலாகாது. சிலவற்றில் வேறுபாடு சிறிது. சிலவற்றில் இல்லவே இல்லை. செரியாமை என்ற ஒரே பெயரின்கீழ்ப் பல நோய்கள் ஒளிந்திருப்பதால் இது வியப்பன்று.

மாஸ்ட் அணுவைப் பற்றிச் சற்று நின்று பேசலாம். நரம்பு முனைகளை ஒட்டியே குடியிருக்கும் இயல்பினது அது. தூண்டப்பட்டதும் இஸ்டமினையும் புரதங்களை வெட்டும் நொதிகளையும் வெளியே கொட்டுகிறது. இஸ்டமின் நரம்பு முனையிலுள்ள ஏற்பியைத் தொட்டதும் அங்கே டி.ஆர்.பி.வி.1 என்னும் வாயிலின் கூர்மை ஏறிவிடுகிறது. வெப்பத்தையும் மிளகாயின் காரத்தையும் உணரும் வாயில் அது. 1997இல் டேவிட் ஜூலியசின் ஆய்வகம் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. கூர்மை ஏறிய வாயிலுக்கு, முன்பு உறைக்காத குழம்பு உறைக்கும். முன்பு உணராத குடல் விரிவு வலியாகும். "போன வருசம்வரை காரக்குழம்பு ஒண்ணும் பண்ணல, இப்ப ஒத்துக்கல" என்று சொல்பவரின் சொல்லில் பொய் ஏதும் இல்லை. குழம்பு மாறவில்லை, அதைச் சுவைக்கும் நரம்பு மாறிவிட்டது.

மாற்றியது எது? விடை பெரும்பாலும் ஒரு பழைய தொற்றில் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு மே திங்களில் கனடாவின் வாக்கர்டன் என்னும் சிறு நகரின் குடிநீரில், பெருமழைக்குப்பின் சாணக் கழிவு கலந்தது. ஈ.கோலையும் காம்பைலோபாக்டரும் குழாய்வழி வீடு புகுந்தன. ஏழு பேர் இறந்தார்கள்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நுண்ணுயிரிகள் சில வாரங்களில் அகன்றுவிட்டன. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து அவ்வூராரை ஆராய்ந்தபோது, அன்று வயிற்றுப்போக்குக்கு ஆளானவர்களிடம் செரியாமை மற்றவரைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. நோய்க்கிருமி போய் எட்டாண்டு ஆனபின்பும் குடல் அமைதி அடையவில்லை. திருட்டு நடந்த தெருவில் நாய்கள் மறுநாள் முதல் பால்காரரையும் பார்த்துக் குரைப்பதைக் கண்டிருப்போம். குடலின் காவலும் அவ்வகையே.

பால்காரர் என்று நான் சொன்னது இங்கே உண்மையில் பாலாகவே இருக்கலாம் என்பதுதான் விந்தை. லூவென் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், குடல் தொற்றுக்கு ஆளான எலிகளுக்கு அதே வேளையில் முட்டைவெண்கருப் புரதத்தை ஊட்டினார்கள். தொற்று முற்றிலும் நீங்கியபின், அதே புரதத்தை மீண்டும் கொடுத்தபோது எலிகளுக்கு வயிற்று வலி உண்டானது. தொற்றுக் காலத்தில் குடல் தன் பொறுமையை இழந்து, அப்போது உள்ளே இருந்த உணவையும் பகைவர் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்கான ஐ.ஜி.ஈ. என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருள் குடற்சுவரில் மட்டுமே இருந்தது. குருதியில் தேடினால் கிட்டாது. தோலில் ஊசி குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையிலும் அகப்படாது. பின்னர் எரிச்சற்குடல் நோயுடைய பன்னிருவரின் பெருங்குடற்சுவரில் கோதுமை, பால், சோயா முதலியவற்றின் சாற்றைச் செலுத்தினார்கள். பன்னிருவரின் குடற்சுவரும் ஏதேனும் ஒன்றுக்கேனும் தடித்துச் சிவந்தது. நலமுள்ள எண்மரில் இருவர்க்கே அவ்வாறு ஆயிற்று. இது பெருங்குடலின் கதை, முன்சிறுகுடலின் கதையன்று, எண்ணிக்கையும் சிறியது. ஆயினும் செரியாமையும் எரிச்சற்குடல் நோயும் ஒரே உடலில் சேர்ந்து வாழ்வது மிகுதி என்பதால், வழி ஒன்றாகவே இருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இதுவரை சொன்னவை சுவீடன், கனடா, பெல்ஜியம். இவற்றை அப்படியே எடுத்து வேங்கிக்காலில் வைத்தால் சரியாக அமருமா? அமராது என்பதே என் கருத்து. அதற்கான சான்றுகள் இதே நெடுஞ்சாலையின் மறுமுனையில், வேலூரில், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டுள்ளன.

1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ஒரு நோய் கொள்ளையாய்ப் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, உணவு உடலில் ஒட்டாமை, நாப்புண், குருதிச்சோகை, மெலிவு, பலருக்குச் சாவு. வெப்பமண்டல ஸ்புரூ என்று நூல்கள் குறிக்கும் நோய் அது. அதற்குமுன் ஆங்காங்கே தனி மனிதரிடம், அதிலும் வெள்ளைக்காரப் படைவீரரிடம் கண்டதாகவே பெரிதும் எழுதப்பட்டிருந்தது. ஊர் ஊராய்ப் பரவும் நோயாக அதனைத் தெளிவாக வரைந்து காட்டியவர்கள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும். வெல்கம் ஆய்வுப் பிரிவில் இருந்தபடி அவர்கள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். குழாய் நுனியில் சிறு உறையைக் கட்டி விழுங்கச் செய்து, குடற்சுவரின் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

நோயரின் குடலைப் பார்த்ததோடு அவர்கள் நின்றிருந்தால் கதை சிறியதாகியிருக்கும். ஒப்பிடுவதற்காக நோயற்றவரின் குடலையும் பார்த்தார்கள். அங்கேதான் வியப்பு. மேல்நாட்டு நூல்களில் சிறுகுடலின் உறிஞ்சிகள் விரல்போல் நீண்டு மெலிந்திருக்கும். இங்கே வயிற்றில் எந்தக் குறையும் இல்லாத, உழுது உண்டு உறங்கும் மனிதரிடமே உறிஞ்சிகள் குட்டையாகி, இலைபோல் அகன்று, சில இடங்களில் வரப்புபோல் இணைந்திருந்தன. அவற்றின் அடியில் நிணநீரணுக்களும் எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களும் செறிந்திருந்தன. மேல்நாட்டு அளவுகோலின்படி பார்த்தால் நலமுள்ள தமிழ்ச் சிற்றூரார் அனைவருமே நோயர்.

இது இனத்தின் இயல்போ என்று எண்ணத் தோன்றும். அன்று. வெப்பமண்டலக் குழந்தைகளும் விரல்வடிவ உறிஞ்சிகளோடுதான் பிறக்கின்றன; இலைவடிவம் பின்னால் வருகிறது. அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களுள் அன்றைய பாகிஸ்தானில் தங்கியவர்களுக்கும் இதே மாற்றம் உண்டாயிற்று. நாடு திரும்பியபின் அவர்கள் குடல் மெல்லப் பழைய வடிவுக்கு மீண்டது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர் குடலும் ஆண்டுகள் செல்லச்செல்ல மேல்நாட்டு வடிவை நெருங்கியது. இவ்விரு முடிவுகளும் 1971இல் அச்சேறின. ஆகவே வேறுபாடு மண்ணிலும் நீரிலும் இருந்தது, குருதியில் அன்று. நுண்ணுயிர் மிகுந்த நீரையும் உணவையும் நாள்தோறும் ஏற்கும் குடலில் காவல் என்றும் விழிப்பாகவே நிற்கிறது. அந்த விழிப்புக்கு விலையாக உறிஞ்சும் பரப்பின் ஒரு பகுதி போகிறது.

விலை அதோடு முடியவில்லை. வேலூரைச் சேர்ந்த டி. ஜேக்கப் ஜான் 1972இல் வெளியிட்ட ஆய்வில், வாய்வழிப் போலியோ மருந்து இங்குள்ள குழந்தைகளிடம் மேல்நாட்டில் தந்த அளவுக்கு எதிர்ப்பாற்றலைத் தோற்றுவிக்கவில்லை என்று காட்டினார். அன்று அது பலருக்குக் கசந்தது; பின்னர் இந்தியக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து தர வேண்டியிருந்தபோது அதன் உண்மை எல்லார்க்கும் விளங்கிற்று. ரோட்டா நச்சுயிரிக்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்தைத் தில்லி, புனே, வேலூர் மூன்றிடத்தும் ஆய்ந்து 2014இல் வெளியிட்டபோதும், கடும் ரோட்டா வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ஆற்றல் 53.6 விழுக்காடாகவே இருந்தது. செல்வ நாடுகளில் இவ்வகை மருந்துகள் 85 விழுக்காட்டுக்கு மேல் காக்கின்றன. இதற்கு ஏதுக்கள் பல. ஏற்கெனவே பரபரத்துக்கிடக்கும் குடலில் புதிதாக வரும் ஒன்றைத் தனித்து அறிந்து கற்றுக்கொள்வது கடினம் என்பது அவற்றுள் வலிய ஒன்று.

இப்போது இயோசினோபிலுக்குத் திரும்புவோம். நுண்ணோக்கியின் ஒரு புலத்தில் இத்தனை இயோசினோபிலுக்கு மேல் இருந்தால் மிகை என்ற வரம்பை நமக்குத் தந்தவை பெரிதும் குளிர்நாட்டு ஆய்வுகள். அமெரிக்கா என்னும் ஒரே நாட்டுக்குள்ளேயே, நலமுள்ள பெருங்குடலில் இவ்வணுவின் செறிவு வடபுலத்தில் குறைந்தும் வெப்பமான தென்புலத்தில் பன்மடங்கு கூடியும் இருப்பதை 1997இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அங்கேயே அப்படியென்றால், கொக்கிப்புழுவும் இழைப்புழுவும் தலைமுறைகளாய் வாழ்ந்த மண்ணில் எப்படியிருக்கும்? ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் நூற்புழு முன்சிறுகுடற் சுவருக்குள்ளேயே குடியிருக்கும்; உடலுக்குள்ளேயே தன்னைப் பெருக்கிப் பல பத்தாண்டு தொடரும்; மேல்வயிற்று எரிச்சலாகவும் மந்தமாகவும் வெளிப்படும். இயோசினோபிலும் கூடும். சுவீடன் ஆய்வின் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு இப்புழு உடையவரைப் பார்க்கும் மருத்துவர் செயல்வழிச் செரியாமை என்று எழுதிவிடக் கூடும். உண்மையில் வேண்டியது ஐவர்மெக்டின் என்னும் புழுநீக்கி மருந்து.

புழு என்றதும் திருவண்ணாமலையில் மலைவலம் வரும் அடியவர் வெறுங்காலோடு நடப்பதை எவரேனும் குறைகூற எழலாம். பதினான்கு கிலோமீட்டர்த் தார்ச்சாலையில் புழுவின் இளவுரு பிழைக்காது. அதற்கு ஈர மண்ணும் நிழலும் மனிதக் கழிவும் வேண்டும். வெறுங்காலோடு வயலில் இறங்குவோர்க்கும் கழிப்பறை இல்லாத தோட்டத்து ஓரங்களில் விளையாடும் சிறுவர்க்கும்தான் இடர். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் என்னும் குடற்புழு மாத்திரை வழங்குகிறார்கள். கொக்கிப்புழுவுக்கு அது நன்று. ஸ்ட்ராங்கிலாய்டிசுக்கு ஒரே வேளை அல்பெண்டசோல் போதாது.

எலிகோபாக்டர் பைலோரியைச் சொல்லாமல் செரியாமை பற்றிய எந்தக் கட்டுரையும் நிறைவுறாது என்பதால் சுருக்கமாக. பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்த்தெடுத்த இந்நுண்ணுயிரி, இந்தியரில் பெரும்பாலோரின் இரைப்பையில் இளமையிலேயே குடியேறிவிடுகிறது. நோயெதிர்ப்பு அமைப்பு அதனை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போரிட்டு, வெல்லாமலே அழற்சியை நீட்டிக்கிறது. அதனை ஒழித்தால் செரியாமையும் ஒழிவது ஒரு சிறு பங்கினர்க்கே. எல்லாரும் சுமக்கும் ஒன்றை எல்லார் நோய்க்கும் ஏதுவாக்குவது எளிது. அவ்வளவு எளிதாக இருப்பதாலேயே அதில் எச்சரிக்கை வேண்டும்.

கோதுமை பற்றிய அச்சமும் அண்மையில் இங்கே வந்துசேர்ந்திருக்கிறது. சீலியாக்கு நோயில் நோயெதிர்ப்பு அமைப்பு கோதுமையின் குளுட்டனைக் கண்டு சிறுகுடல் உறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. வேலூரில் பணியாற்றிய பி. எஸ். இராமகிருஷ்ணாவும் பிறரும் 23,331 பேரை ஆராய்ந்து 2016இல் எழுதியபடி, அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடஇந்தியரில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் தென்னிந்தியரில் 0.10 பேரிடமும்தான் இருந்தது. தெற்கின் மாதிரி எடுக்கப்பட்டது வேலூர் வட்டாரத்தில். வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்கிறார்கள், தெற்கில் 25 கிராம். பரோட்டா உண்டபின் வயிறு உப்பும் வேங்கிக்கால் இளைஞர்க்குச் சீலியாக்கு இருப்பதற்கான வாய்ப்பு மிகச் சிறிது. பத்து மணிக்குமேல் நான்கு பரோட்டாவும் அதற்கேற்ற எண்ணெய்க் குழம்பும் உண்டால் முன்சிறுகுடல் இரைப்பையை நிறுத்திவைப்பதில் நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்கு வேலை இல்லை.

மருத்துவத்தின் பக்கம் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. அமிலம் குறைக்கும் மாத்திரை சிலருக்கேனும் பயன்படுவது ஏன் என்பதற்குப் புதிய விடை கிட்டியுள்ளது. லூவெனில் நான்கு வாரம் பான்டோபிரசோல் கொடுத்தபோது, செரியாமை உடையோரின் முன்சிறுகுடலில் இயோசினோபிலும் மாஸ்ட் அணுவும் குறைந்தன. சுவரின் கசிவும் தணிந்தது. குறை தணிந்தது இயோசினோபில் குறைந்த அளவைப் பின்பற்றியே நிகழ்ந்தது. அதே மாத்திரையை நலமுள்ளவர்க்குக் கொடுத்தபோது அவ்வணுக்கள் கூடின. 2021இல் வந்த முடிவு இது. அமிலத்துக்காகக் கொடுத்த மருந்து காவலைத் தணித்து வேலை செய்திருக்கிறது. தேவையற்றவர்க்குக் கொடுத்தால் அதே காவலைக் கிளறிவிடவும் செய்கிறது. மருந்துக்கடைப் பலகையில் கேட்டதும் பட்டையை நீட்டும் வழக்கத்தின்மேல் இதைவிடக் கூர்மையான திறனாய்வு வேறு தேவையில்லை. இஸ்டமினைத் தடுக்கும் எபாஸ்டினை எரிச்சற்குடல் நோயில் ஆய்ந்தார்கள். பயன் உண்டு, ஆனால் சிறிது. உணவை வகைவகையாக நிறுத்திப் பார்ப்பதைத் தாமே செய்துகொள்வோர் பலர், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் விட்டு இறுதியில் இரசச்சோறும் சத்துக்குறைவுமாய் நிற்கிறார்கள். அதை உணவியல் அறிந்தவர் துணையோடு, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும், நிறுத்தியதைத் திரும்பச் சேர்க்கும் திட்டத்தோடு செய்ய வேண்டும். உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மலம் கருத்தாலோ, குருதி வாந்தி எடுத்தாலோ, விழுங்கக் கடினமானாலோ, நடுவயதுக்குமேல் முதன்முறையாகச் செரியாமை தோன்றினாலோ இக்கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செய்யத்தக்க பணி ஒன்று நம் வட்டாரத்துக்கே உரியது. திருவண்ணாமலையிலேயே இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் அறுபதாண்டுப் பட்டறிவு இருக்கிறது. பேக்கரும் மாதனும் உறிஞ்சிகளுக்குச் செய்ததை இயோசினோபிலுக்கும் மாஸ்ட் அணுவுக்கும் செய்யலாம். வேறு ஏதுவால் உள்நோக்கி ஆய்வுக்கு வரும், செரியாமை இல்லாத இவ்வட்டாரத்து மக்களிடம் அவர்கள் இசைவோடு முன்சிறுகுடல் துணுக்கை எடுத்து, புழு இருக்கிறதா என்று மலத்தையும் சோதித்து, வயது வாரியாக, ஊர் வாரியாக, குடிநீர் வாரியாக எண்ணி அட்டவணைப்படுத்தலாம். எண்ணும் வேலைக்கு வேண்டியது சாயமும் நுண்ணோக்கியும் பொறுமையும். விலையுயர்ந்த கருவி எதுவுமன்று. இன்றைய நடைமுறையில் உள்நோக்கிக்கு இயல்பாகத் தெரியும் முன்சிறுகுடலில் பலர் துணுக்கே எடுப்பதில்லை. எடுத்தாலும் சீலியாக்கு உண்டா, புழு உண்டா என்று பார்த்துவிட்டு, திசு ஆய்வாளர் இயோசினோபிலின் எண்ணிக்கையை எழுதாமலே அறிக்கையை முடித்துவிடுகிறார். அந்த எண்ணை எழுதும் வழக்கமும், அதற்கருகே இம்மண்ணின் நலமுடையோர் எண்ணை வைத்து ஒப்பிடும் அட்டவணையும் வரும்வரை, 'இயல்பு' என்ற சொல்லோடு வேலூரிலிருந்து திரும்பும் நோயர் கையில் இருப்பது பாதி அறிக்கை.